மூன்றாவது நாவலின் சாப்பாடு

எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவருக்காக எங்கள் வீட்டில் ஒரு விருந்து வைத்தேன். அவர் இறந்து நூறு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படித்தவர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது அன்று என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களைப் பற்றி. அவர் ஒரு பெண், நான்கு நாவல்கள் எழுதினார், நான்காவது அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓசூர் சிப்காட்டில், இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். நாள் முழுக்க சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியாக இருப்பதை ஒரு தட்டிலும் சரியில்லாததை இன்னொரு தட்டிலும் போடுகிற வேலை. எனக்குப் பக்கத்து மேசையில் உட்காருபவள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தக்காளியும் மாங்காயும் விளைவிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கம்பெனி பஸ்ஸில் தினமும் வந்து போவாள். பஸ்ஸில் தூங்காத ஒரே ஆள் அவள்தான் என்று டிரைவரே சொல்வார். ஏனென்றால் படித்துக்கொண்டு வருவாள்.

அந்த எழுத்தாளரை அவளுக்கு நான்தான் அறிமுகம் செய்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி, நான்கு நாவல்களும் சேர்ந்த கனமான புத்தகம். ஒரு வாரம் என்னிடம் இருக்கும், ஒரு வாரம் அவளிடம். கேன்டீனில் சாப்பிடுகிற அரைமணி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. பேச்சு என்றால் சண்டைதான். "அக்கா, அந்தப் பொம்பள அப்புடியெல்லாம் பொறுத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டா. எழுதுனவங்க பயந்துகிட்டு மாத்திட்டாங்க" என்பாள். எழுதினவரோடேயே சண்டை போடுகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மற்ற மேசைக்காரர்கள், நாங்கள் யாரோ சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் ஒரு காலையில் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனவர், வரப்பிலேயே விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. நல்ல திடமான மனிதர். கம்பெனி ஆண்டு விழாவுக்கு வந்தபோது என் கணவரோடு நின்று மருந்து அடிக்கிற மிஷின் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஒரே மகள் அப்போதுதான் சேலத்தில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி வந்தாள். வேலை அப்படியே இருந்தது, கை அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. கேட்டால் பதில் சொல்வாள். அவளாக எதுவும் சொல்ல மாட்டாள். புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து, "இந்தாங்க அக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள். நான் அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டை அதே பக்கத்தில் அப்படியே இருந்தது.

எங்கள் பிரிவில் எதற்கெடுத்தாலும் விசேஷம் வரும். ஒருத்தர் வீட்டில் காதுகுத்து, ஒருத்தர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார், ஒருத்திக்கு வளைகாப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று வேலை செய்கிறவளாக இருந்தவள் எதற்கும் வருவதை நிறுத்திவிட்டாள். யாரும் வராதே என்று சொல்லவில்லை. யாரும் வா என்று வற்புறுத்தவும் இல்லை. ஒருநாள் நான் கேட்டபோது, மேசையில் இருந்த சாமானை அளந்துகொண்டே சொன்னாள்: "நான் போனா அவங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆவும்க்கா. அவங்க ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆவும். எதுக்கு?"

நாங்கள் கிருஷ்ணகிரியில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எங்களில் அப்படியெல்லாம் கிடையாது என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கணவரை இழந்த என் சின்ன அத்தை என் கல்யாணத்தில் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், மாலை எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. நானும் அடுத்த சாமானை எடுத்து அளந்தேன்.

அவளை எப்படியாவது ஒரு சாயங்காலம் என் வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. என் பிறந்தநாள் என்று கூப்பிட்டேன், வரவில்லை. நல்ல காரியம் எதுவானாலும் வர மாட்டாள் என்றால், நல்லதிலும் சேராத கெட்டதிலும் சேராத காரியம் ஒன்று வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகம் கையில் வந்தது. இவருக்கு ஒரு விருந்து வைத்தால் என்ன? இவர் நாவல்களில் வருகிற சாப்பாட்டையெல்லாம் சமைத்து, இவரைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டால் என்ன? இப்படி ஒரு விசேஷத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இதுவரை யாரும் சட்டம் போட்டதில்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் இன்னொரு கம்பெனியில் மிஷின் பழுது பார்ப்பவர். கதை படிக்கிற பழக்கம் கிடையாது.

"செத்துப் போனவங்களுக்கு பர்த்டே பார்ட்டியா?" என்றார்.

"பர்த்டே இல்ல. சாப்பாடு. அவங்க கதையில வர்ற சாப்பாடு."

"கறி வருமா கதையில?"

"வராது."

"அவளுக்காகப் பண்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. கார்ல போய் நானே கூட்டிக்கிட்டு வரேன்" என்றார்.

மறுநாள் கேன்டீனில் அவளிடம் சொன்னேன். "யாரு யாரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

"நீ, நான், எங்க வூட்டுக்காரரு, மாடியில இருக்கற ஓனரம்மா. அவ்வளவுதான். அவங்களும் இந்தம்மாவ கன்னடத்துல படிச்சிருக்காங்க."

அவள், "அத்தைய கேக்கணும்" என்றாள். கணவர் போன பிறகு அவளும் மாமியாரும் மட்டும்தான் அந்த வீட்டில். வராமல் இருப்பதற்குச் சொல்கிற வழி இது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அத்தையும் வர்றாங்களாம்."

"நெஜமாவா? என்ன சொன்னாங்க?"

"என்ன விசேஷம்னு கேட்டாங்க. செத்துப்போன ஒரு அம்மாவ நெனச்சு சாப்பாடு போடறாங்கன்னு சொன்னேன். அப்ப திதி தானேன்னாங்க. நான் ஆமான்னுட்டேன். திதிக்குப் போறதுல ஒண்ணும் தப்பில்ல, நானும் வரேன்னாங்க."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்து, சாப்பாடு வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அவர் சாப்பாட்டை எழுதுகிற விதமே தனி. எப்படிச் சமைத்தார்கள் என்று சொல்ல மாட்டார். அதைச் சாப்பிட்டவர்கள் அப்போது என்ன பேசினார்கள், யார் யாரைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள் என்பதுதான் இருக்கும். முதல் நாவலில் ஒரு குடும்பம் மாட்டு வண்டியில் ஊரைவிட்டுப் போகிறது. வழியில் ஒரு மரத்தடியில் புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும் சாப்பிடுகிறார்கள். இரண்டாவதில் சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்கிற பந்தியில் பாகற்காய்ப் பிட்லை வருகிறது. நான்காவதில் ஒரு கிழவர் பேத்திக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் பாயசத்துக்கு அடுப்படியில் தானே நின்று அடம்பிடிக்கிறார்.

மூன்றாவது நாவலில் சாப்பாடு ஒரே இடத்தில்தான் வருகிறது. ஒருத்தியின் கணவன் இறந்துவிடுகிறான். சாவுக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு, அவள் தனியாகப் பின்கட்டுக்குப் போய், அணைந்துகொண்டிருக்கிற தணலில் ஒரு கத்திரிக்காயைச் சுடுகிறாள். உப்பும் பச்சை மிளகாயும் வைத்துப் பிசைந்து, பானையின் அடியில் இருக்கிற ஆறின சோற்றோடு சேர்த்து நின்றுகொண்டே தின்கிறாள். ஒன்றரைப் பக்கம். அந்த இடத்தை நான் எப்போது படித்தாலும் அழுதிருக்கிறேன். இலை போட்டுச் சாப்பிட முடியாமல், உட்காரக்கூட இடமில்லாமல், மிச்சம் மீதியை ஒளிந்து தின்கிற நிலைமை ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டதே என்று. அதை அவள் முன்னால் எப்படிக் கொண்டுவந்து வைப்பது? அந்தப் பக்கத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டுவிட்டேன்.

வீட்டு ஓனரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். இங்கே ஓசூரில் ஒரு கன்னடப் பள்ளியில் ரொம்ப வருடம் பாடம் எடுத்தவர். மாடிப்படியில் பார்த்தபோது விருந்தைப் பற்றிச் சொன்னேன். "பர்த்தீனி, பர்த்தீனி, கண்டிப்பா வரேன்" என்று சந்தோஷப்பட்டு, தன் பங்குக்குப் பாசிப்பருப்பில் கோசம்பரி செய்து கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து அடுப்படியில் நின்றேன். நான்கு மணிக்கு என் கணவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐந்தரைக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்கு. ஆறாகியும் காணோம். போன் போட்டேன். பேரண்டப்பள்ளி பக்கத்தில் நிற்கிறோம், சானமாவுக் காட்டிலிருந்து யானை ரோட்டோரம் இறங்கியிருக்கிறது, பாரஸ்ட்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். "அந்தம்மா ஜன்னல எறக்கிவிட்டு வேடிக்க பாக்கறாங்க. மூடுங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பின்னால் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது.

அப்படித்தான் மாமியார் வீட்டுக்குள் நுழைந்தார், யானைக் கதையோடு. குள்ளமான, கறுத்த, வேகமான அம்மா. "குட்டி ஒண்ணு கீழ கெடந்த தக்காளி கூடைய காலால தள்ளித் தள்ளி வெளாடுது கண்ணு! எவன் வண்டில இருந்து வுழுந்துச்சோ, பாவம்" என்று செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. அதில் அவர்கள் தோட்டத்துக் கத்திரிக்காய். "திதி வூட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாது" என்று என்னிடம் நீட்டினார். பின்னால் அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவையும் இல்லை, கம்பெனிக்குக் கட்டுவதும் இல்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒரு புடவை. அதைத் தேர்ந்தெடுக்க நேரம் எடுத்திருப்பாள் என்று தெரிந்தது.

மாமியார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மாதா படம், அதன் கீழே காலண்டர்.

"படம் எங்க?"

"எந்தப் படம்மா?"

"செத்துப்போன அம்மா படம்."

புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு சின்னப் படம் உண்டு. காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "சின்னப் பொண்ணா இருக்குதே! ஒனக்கு என்ன ஒறவு?"

"உறவு இல்லம்மா. கதை எழுதுனவங்க."

"ஒறவு இல்லாம திதியா?" என்று மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். மாமியார், "சரி, புள்ள குட்டி இல்லாதவங்களுக்கு யாராவது ஒருத்தர் பண்ணித்தானே ஆவணும்" என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார். "நீங்க வேதக்காரங்கதானே? ஒங்கள்ல உண்டா இதெல்லாம்?"

"கல்லறைத் திருநாளுக்குப் போய் பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம்மா."

"அதேதான்" என்றார். "மொதல்ல அவங்களுக்கு ஒரு எலை போடு."

நான் தயங்கி நின்றேன். இப்படி ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் கணவர்தான் ஒரு வாழை இலையை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, தரையில் விரித்த பாயின் தலைமாட்டில் போட்டார். புத்தகத்தை அதற்கு முன்னால் நிறுத்தி வைத்தார். அதற்குள் ஓனரம்மாவும் கோசம்பரிக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். யாரும் பரிமாற எழுந்திருக்கக் கூடாது, எல்லாவற்றையும் நடுவில் வைத்து அவரவர் எடுத்துக்கொள்வது என்று முன்பே சொல்லியிருந்தேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "திதியில அவங்கவங்களே எடுத்துக்கறதா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

"என்ன புடிக்கும் இந்தம்மாவுக்கு? அத இலையில வையி" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. நான்கு நாவல் நிறைய சாப்பாடு எழுதியவர் தனக்கு எது பிடிக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. "பாயசமா இருக்கும்" என்றார் ஓனரம்மா. புளிச்சோறாக இருக்கும் என்றேன் நான். எது எந்தக் கதையில் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இலையில் கொஞ்சம் கொஞ்சம் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணாவது கதை சாப்பாடு எங்க?" என்றாள்.

"அதுல பெருசா சாப்பாடு ஒண்ணும் வராதே" என்றேன்.

"வருதேக்கா."

"யாக்கே இல்ல? ஏன் வராது? வருதம்மா!" என்று ஓனரம்மா உற்சாகமாகக் குறுக்கிட்டார். அவருக்கு அவள் கதை தெரியாது. நான் கண் காட்டியும் புரியவில்லை. "புருஷன் போனதுக்கு அப்புறம் அவ பதனேக்காய, கத்திரிக்காய சுட்டு, ராகி முத்தேயோட திங்கறா இல்லையா? நமக்கு எல்லா ஸீனும் மறந்தாலும் அது மறக்காது."

"முத்தே இல்லீங்க, பழைய சோறு" என்றாள் அவள்.

"இல்லம்மா, முத்தே. நான் எத்தன தடவ படிச்சிருக்கேன்!"

கன்னடத்தில் மொழிபெயர்த்தவர், படிக்கிறவர்களுக்குப் பழக்கப்பட்டதாக இருக்கட்டும் என்று சோற்றைக் களியாக்கிவிட்டார் போலிருக்கிறது. இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். கத்திரிக்காய் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா அத மட்டும் செய்யல?"

இனி மறைக்க முடியாது. "அந்த எடம் ரொம்ப வருத்தமா இருக்கும். ஒன் முன்னால எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றேன்.

"வருத்தமா?" அவள் குரல் உயர்ந்தது. "அந்த எடத்த தப்பா படிச்சிருக்கீங்க நீங்க."

"எப்புடி?"

"அவ ஒளிஞ்சு திங்கறது யாரோ திட்டுவாங்கன்னு இல்ல. யாருமே இல்லியே வூட்டுல, எல்லாம் போயிட்டாங்கன்னு மொதல்லயே எழுதிட்டாங்களே. அவளுக்குப் பசிக்குது. அவ்வளவுதான். நல்லா பசிக்குது. புருசன் செத்து நாலு நாள் ஆவல, இப்புடி பசிக்குதேன்னு அவளுக்கே வெக்கம். அதான் நின்னுக்கிட்டே திங்கறா. உக்காந்து தின்னா அது சாப்பாடு ஆயிடும்."

ஓனரம்மாவுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்க்கா. அவரு போன மறுநா எனக்கு அப்புடி பசிச்சுது. வூடு நெறைய சனம். எல்லாரும் ஒரு வாய் தின்னு, ஒரு வாய் தின்னுன்னு கெஞ்சறாங்க. வேணாம் வேணாம்னுட்டேன். அழுதுக்கிட்டு இருக்கறவ எப்புடி திங்கறது? ஆனா வயித்துக்குள்ள எரியுது. எல்லாம் அசந்த நேரத்துல தோட்டத்துப் பக்கம் போறேன்னு போயி, மோட்டார் ரூமுக்குள்ள நின்னு, கூடையில இருந்த தக்காளிய தின்னேன். அவரு பறிச்சு வெச்சது. ஒண்ணு ரெண்டு இல்ல. தின்னுக்கிட்டே இருந்தேன்." அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தே சொன்னாள். "அன்னைலருந்து யாரு வூட்டுல போயி சாப்புட உக்காந்தாலும் அதான் ஞாபகம் வருது. நான்லாம் என்ன பொண்டாட்டின்னு."

அவள் விசேஷங்களுக்கு வராததற்குக் காரணம் மற்றவர்களின் மனசு என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அதே ஒன்றரைப் பக்கத்தை நாங்கள் இருவரும் படித்திருக்கிறோம். நான் அழுதுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் அதிலேயே நின்றுவிட்டாள்.

மாமியார்தான் முதலில் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்கு மட்டும் பசிக்கலியா?"

அவள் நிமிர்ந்தாள்.

"பெத்தவ நான். ஒன்னையாவது தின்னு தின்னுன்னு கேட்டாங்க. என்னைய எவளும் கேக்கல. கெழவி தானே, அவளுக்கென்ன பசின்னு வுட்டுட்டாங்களோ என்னவோ. பெத்த புள்ளய பறிகுடுத்துட்டு எனக்குச் சோறு போடுங்கடின்னு வாய் தொறந்து கேக்க முடியுமா? பால் வாங்கிட்டு வந்து வெச்சிருந்தாங்க, வர்றவங்களுக்குக் காப்பி போட. அத சொம்போட எடுத்துப் பச்சப்பாலாவே குடிச்சேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார், இப்போதுதான் குடித்தவர் போல. "நீ மோட்டார் ரூமுக்குப் போனது எனக்குத் தெரியும். மூஞ்செல்லாம் தக்காளி வெதையோட வந்த. கழுவிக்கோன்னு தண்ணி மொண்டு குடுத்தேன்ல? ஞாபகம் இல்ல?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. தலையை ஆட்டினாள். அப்புறம் மாமியாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் அழவில்லை. "தின்னா தப்பா? தின்னாத்தானே அழறதுக்குத் தெம்பு இருக்கும்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். என் கணவர் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். அடுப்படிக்குப் போய்த் துணிப்பையிலிருந்து கத்திரிக்காயை எடுத்துக் கழுவி, எண்ணெய் தடவி, கேஸ் தீயில் நேராக வைத்தாள். தோல் கருகிப் பொரிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. நான் பச்சை மிளகாயை எடுத்துக் கொடுத்தேன். மதியம் வடித்த சோறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓனரம்மா விடவில்லை. மாடிக்குப் போய், காலையில் செய்த ராகி முத்தே ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "என் புக்குல இதுதான்" என்றார்.

சுட்ட கத்திரிக்காயைத் தோல் உரித்து, உப்பும் மிளகாயும் வைத்து, சோற்றோடு சேர்த்து அவளே பிசைந்தாள். காய் கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது, சரியாக வேகவில்லை. முதல் உருண்டையை மாமியார் வாங்கி அந்த எழுத்தாளரின் இலையில் வைத்தார். "இதுதான் புடிச்சிருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு நாங்கள் சாப்பிட்டோம். பாகற்காய்ப் பிட்லை கசந்தது, புளிச்சோறு நன்றாக இருந்தது, பாயசத்தை என் கணவர் மூன்று முறை வாங்கிக்கொண்டார். ஓனரம்மா தன் கன்னடப் புத்தகத்திலிருந்து அந்த இடத்தை வாசித்தார். அவள் தமிழில் வாசித்தாள். மாமியாருக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். இரண்டையும் கேட்டுவிட்டு, கன்னடத்தில்தான் நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு மருமகள் கோபித்துக்கொண்டாள். உண்மையான கோபம். கேன்டீனில் என்னோடு போட்ட அதே சண்டை. எனக்கு அதைக் கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது.

ரோடு திறந்துவிட்டதா என்று போனில் விசாரித்துக்கொண்டு, நேரத்தோடு அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் என் கணவர். வழியெல்லாம் பின் சீட்டில் இருவரும் தக்காளிக்கு அடுத்து என்ன வைப்பது என்று பேசிக்கொண்டு போனார்களாம். பீன்ஸ் வைக்கலாம் என்று முடிவு செய்தார்களாம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் கேன்டீனில் அவள் அந்த இரவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கடுத்து வந்த ஒரு வளைகாப்புக்கும் அவள் வரவில்லை. ஆனால் சில மாதம் கழித்து அவள் கொழுந்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் யாரோ ஒரு பெரியம்மா அவளை உள்ளே போய்க் காப்பியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "காப்பி மாஸ்டர் இருக்காரே" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். "அத்தை ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ஆனா பக்கத்துல கொஞ்சம் நவுந்து எடம் வுட்டாங்க" என்றாள். வேறு யாரோ வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

நான் அந்த ஒன்றரைப் பக்கத்தை அதற்குப் பிறகு பல தடவை படித்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான். எழுதியவர் வருத்தம் என்ற சொல்லையே அங்கே பயன்படுத்தவில்லை. பசி என்ற சொல் இருக்கிறது, வெட்கம் என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் நான் தாண்டிப் போயிருக்கிறேன். தன் வீட்டில் யார் பசியோடு இருந்ததைப் பார்த்து அவர் அதை எழுதினார் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை அவரே தானோ என்னவோ.

இந்த வருடம் அவளை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் பார்த்துக்கொள்கிறோம், போனில் பேசிக்கொள்கிறோம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ, நீயே வைத்துக்கொள் என்றேன். "வேணாம்க்கா. நல்லா எழுதறாங்கதான். ஆனா ரொம்ப நாள் அவங்களோடயே இருந்துட்டேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டிப்போனது. இப்போது அவள் துப்பறியும் கதைகள் படிக்கிறாள், பழைய புத்தகக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி. ஒன்றை எனக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கொலை செய்தது யார் என்று கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டுமாம். பாதி படித்திருக்கிறேன். எனக்குத் தோட்டக்காரன் மேல்தான் சந்தேகம்.